மூணு பையன்கள், ஒரு மாம்பழம், ஒரு நுங்கு வண்டி!

மூன்று பையன்களைக் கூட்டிக்கொண்டு சாயர்புரத்தில் பஸ் ஏறினால், அடுத்த நிறுத்தம் வருவதற்குள் யாராவது ஒருத்தர் கேட்டுவிடுவார். "மூணும் பையனாம்மா?" ஆமாம் என்றதும் இரண்டு விதமான பதில் வரும். ஒன்று, "ராசா மாதிரி மூணு சிங்கக்குட்டி, ஒனக்கென்ன கவலை!" இன்னொன்று, "ஐயய்யோ, எப்பிடித்தான் சமாளிக்கியோ!" முதல் பதிலைச் சொல்பவர் வீட்டில் பெரும்பாலும் பெண் பிள்ளைகள்தான் இருப்பார்கள். இரண்டாவது பதிலைச் சொல்பவர், குறைந்தது இரண்டு பையன்களையாவது வளர்த்து முடித்தவராக இருப்பார்.

எங்கள் வீட்டில் பெரியவனுக்கு ஒன்பது வயது. நடுவுள்ளவனுக்கு ஆறு. சின்னவனுக்கு மூன்றரை. வீட்டுக்காரருக்குத் தூத்துக்குடி துறைமுகத்தில் கிரேன் வேலை, ஷிப்ட் முறை. கூடவே மாமனார். ஆக மொத்தம் ஐந்து ஆண்கள், ஒரு நான். எங்கள் வீட்டில் உடையாத பொருள் என்று எதையாவது காட்டினால், அது இன்னும் பெட்டியைப் பிரிக்காத பொருளாகத்தான் இருக்கும்.

இந்த ரகளைக்கென்றே தமிழில் தனியாக ஓர் இலக்கிய வகை இருக்கிறது, தெரியுமா? பிள்ளைத்தமிழ். தெய்வத்தையோ அரசரையோ பெரியோரையோ சின்னக் குழந்தையாக நினைத்துப் பாடுவது. குழந்தையின் வளர்ச்சியைப் பத்துப் பருவமாகப் பிரித்து, பருவத்துக்குப் பத்துப் பாட்டு என்று பாடுவார்கள். அதில் ஆண்பால், பெண்பால் என்று இரண்டு வகை. ஆனால் காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வருகை, அம்புலி என்ற முதல் ஏழு பருவங்களும் இரண்டுக்கும் பொது. கடைசி மூன்றுதான் வேறு வேறு. ஆண் குழந்தைக்கு வருவது சிற்றில், சிறுபறை, சிறுதேர். அதாவது, கட்டி வைத்த மணல் வீட்டை மிதித்து அழிப்பது, பறையைப் போட்டு அடிப்பது, வண்டியை இழுத்துக்கொண்டு ஓடுவது.

எங்கள் வீட்டுக்குள் எட்டிப் பார்த்துவிட்டு எழுதியதுபோல இல்லை?

முதல் வார்த்தை அம்மா இல்லை!

பிள்ளைத்தமிழில் மூன்றாவது பருவம் 'தால்'. தால் என்றால் நாக்கு. அம்மா நாக்கை அசைத்துத் தாலாட்டுவதும், குழந்தையின் நாக்கு அசையத் தொடங்குவதும் அதற்குள் அடக்கம். எங்கள் நடுவுள்ளவனுக்கு அந்த நாக்கு மட்டும் அசைவேனா என்றது.

கொரோனா காலத்துப் பிள்ளை. வீட்டைவிட்டு வெளியே போகாமல், நாலு முகங்களை மட்டும் பார்த்து வளர்ந்தவன். இரண்டரை வயதாகியும் "ம்ம்", "ஆங்" தவிர ஒரு சொல் வரவில்லை. பார்க்கிறவர்கள் எல்லாரும் ஆறுதல் சொன்னார்கள். "ஆம்பளப் பிள்ளைய மெதுவாத்தான் பேசும். குமரகுருபரர் அஞ்சு வயசுவரைக்கும் பேசலைலா!"

அது எங்கள் பக்கத்துக் கதைதான். 17-ம் நூற்றாண்டில் ஸ்ரீவைகுண்டத்தில் பிறந்த குமரகுருபரர், ஐந்து வயது வரை பேசவே இல்லையாம். பெற்றவர்கள் மனம் கலங்கித் திருச்செந்தூருக்குத் தூக்கிக்கொண்டு போய்ச் சந்நிதியில் கிடந்து வேண்ட, பிள்ளைக்குப் பேச்சு வந்தது என்பது வரலாறு. வாயைத் திறந்ததும் பாடியது கந்தர் கலிவெண்பா. பிறகு அவரே மதுரை மீனாட்சியம்மைக்குப் பிள்ளைத்தமிழும் பாடினார். கதையைக் கேட்கும்போது எனக்குக் கலிவெண்பாவைவிட, அந்த ஐந்து வருஷம் அவருடைய அம்மா எப்படித் தூங்கினார் என்ற எண்ணம்தான் வரும்.

நாங்கள் ஐந்து வயது வரை காத்திருக்கவில்லை. டாக்டரிடம் போனோம். முதலில் காது கேட்கிறதா என்று பரிசோதித்தார்கள். நன்றாகவே கேட்டது. பிறகு சில மாதங்கள் பேச்சுப் பயிற்சி. டாக்டர் சொன்னதை எல்லா அம்மாக்களுக்கும் சொல்ல ஆசைப்படுகிறேன். ஒன்றரை வயதுக்குள் பொருள் தெரிந்து சில சொற்கள், இரண்டு வயதில் "பால் வேணும்" என்பதுபோல இரண்டு சொற்களைச் சேர்த்துப் பேசுவது வந்துவிட வேண்டும். வராவிட்டால், 'பையன்தானே' என்று தள்ளிப்போடாமல் காட்டிவிட வேண்டும். அங்கன்வாடிக்குப் பிள்ளைகளைப் பார்க்க வரும் அரசு மருத்துவக் குழுவிடமே கேட்கலாம். செல்போனும் ஓரங்கட்டப்பட்டது. உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சொன்ன அளவு இது: ஒரு வயதுக் குழந்தைக்குத் திரையே வேண்டாம். இரண்டு முதல் நான்கு வயது வரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது, குறைந்தால் இன்னும் நல்லது.

திரைக்குப் பதிலாக நாங்கள் பேசினோம். உப்பு டப்பாவைக் காட்டி "உப்பு", ஆட்டைக் காட்டி "ஆடு", எண்ணெய்ச் சட்டியைக் காட்டி "தொடாத!" என்று நாள் முழுக்க கமென்ட்ரி. ஒரு சாயங்காலம், வீட்டுக்காரர் வேலை முடிந்து வரும்போது பொட்டலம் வாங்கி வந்தார். பிரித்த வாசனையில் பிள்ளை எழுந்து நின்றான். விரலை நீட்டினான். தெளிவாக, அழுத்தம் திருத்தமாகச் சொன்னான்: "பொரோட்டா."

அம்மாவும் இல்லை, அப்பாவும் இல்லை, பொரோட்டா! தூத்துக்குடிக்காரப் பிள்ளை என்பதற்கு வேறு சான்று வேண்டுமா? நானும் அவரும் அழுதுகொண்டே சிரித்தோம். "நம்ம வாயில பேச்சு நுழையணும்னா சால்னா ஊத்தணும் போல" என்றார் மாமனார்.

இன்று அவன் வாயை மூடத்தான் பயிற்சி தேவைப்படுகிறது. "முத்துநகர் எக்ஸ்பிரஸ்ல முத்து எந்தப் பெட்டில இருக்கும்மா?", "உப்பளத்துல உப்பு வெளையுதுன்னா உப்புச் செடி எங்க?" என்று நிமிஷத்துக்கு ஒரு கேள்வி. எத்தனை கேட்டாலும், "சும்மா இருல" என்ற சொல் மட்டும் எங்கள் வாயில் வருவதே இல்லை.

சிறுபறையும் நைட் ஷிப்டும்

நைட் ஷிப்ட் முடித்து அப்பா காலையில் தூங்கும் நாட்கள்தான் இந்த வீட்டின் பெரிய பரீட்சை. "சத்தம் போடக் கூடாது" என்று சொன்னால் மூவரும் கீழ்ப்படிவார்கள். ரகசியக் குரலில் சண்டை போடுவார்கள். ரகசியக் குரலில் கடிப்பார்கள். கடிபட்டவன் வாயைப் பொத்திக்கொண்டு அழுவான். ஆனால் அதே நேரத்தில் சின்னவன் எவர்சில்வர் தட்டையும் கரண்டியையும் எடுத்துக்கொண்டு போய் அப்பாவின் காதருகே நின்று அடிப்பான். பறை அடித்தபடியே, "அப்பா தூங்குதாக! யாரும் சத்தம் போடாதீங்க!" என்று அறிவிப்பும் செய்வான்.

அப்பாவின் வேலையைப் பற்றி அவனுக்கு அலாதி மரியாதை. அங்கன்வாடி டீச்சர் "உங்க அப்பா என்ன வேலை செய்யுறாங்க?" என்று கேட்டதற்கு, "கப்பலத் தூக்கிக் கீழ வைப்பாக" என்று சொல்லியிருக்கிறான். "அவ்வளவு பலமா?" என்று கேட்டாராம் டீச்சர். "ஆனா பாட்டில் மூடி தொறக்க அம்மாவக் கூப்பிடுவாக" என்று வீட்டு ரகசியத்தையும் சேர்த்தே போட்டு உடைத்துவிட்டான்.

பெரியாழ்வாரும் குளியல் நேரமும்

குழந்தையை "வா, வா" என்று அழைப்பது வருகைப் பருவம். எங்கள் வீட்டில் அது குளிக்கிற நேரம். செம்மண் தேரியில் புரண்டுவிட்டு வருகிறவர்களைப் பார்த்தால் எது முட்டி, எது மண் என்று தெரியாது. "குளிக்க வா" என்றால் ஒருவன் கட்டிலுக்கு அடியில் இருப்பான். ஒருவன் மாடிப்படியில் இருப்பான். சின்னவன் என் கண் முன்னாலேயே நின்று கண்ணை மூடிக்கொண்டு, தான் ஒளிந்துவிட்டதாக நம்புவான்.

ஸ்ரீவில்லிபுத்தூர் பெரியாழ்வார் இந்தக் கஷ்டத்தை ஆயிரம் வருஷங்களுக்கு முன்பே பாடிவிட்டார். பிள்ளைத்தமிழுக்கு முன்னோடி அவர்தான் என்பார்கள். யசோதை அம்மாவாகவே மாறி, கண்ணனைக் குளிக்கக் கூப்பிடுவதற்கென்றே ஒரு பதிகம் பாடியிருக்கிறார். உடம்பெல்லாம் புழுதியும் வெண்ணெயுமாக இருக்கிறாய், குளித்துவிட்டு வந்தால் பலகாரம் தருகிறேன் என்று ஆசை காட்டும் அந்த அம்மாவைப் படித்தால், கையில் சீயக்காயோடு நிற்கும் நம் அம்மா முகம்தான் தெரியும். காது குத்துவதற்கும் தனிப் பதிகம் உண்டு. அங்கேயும் லஞ்சம்தான்! சாட்சாத் கண்ணனுக்கே தின்பண்டம் காட்டித்தான் வேலை நடந்திருக்கிறது என்றால், நம் வீட்டில் மக்ரூன் காட்டுவதில் என்ன தப்பு?

நிலாவுக்கும் சோற்றுக்கும் ஒரே வழி

அம்புலிப் பருவம் என்பது, குழந்தையோடு விளையாட வரும்படி நிலாவைக் கூப்பிடுவது. புலவர்கள் சும்மா கூப்பிட மாட்டார்கள். சாம, பேத, தான, தண்டம் என்று நான்கு வழிகளையும் கையாள்வார்கள். 'நீயும் என் பிள்ளையும் ஒன்று' என்று புகழ்வார்கள். 'என் பிள்ளைக்கு நீ ஈடில்லை' என்று சீண்டுவார்கள். 'வந்தால் இது கிடைக்கும்' என்பார்கள். கடைசியில் 'வராவிட்டால் நடப்பதே வேறு' என்று மிரட்டுவார்கள்.

சின்னவனுக்குச் சோறு ஊட்டும்போது இந்த நான்கும் பத்து நிமிஷத்துக்குள் நடந்து முடிந்துவிடும். "என் தங்கம்லா, ஆ காட்டு." "அண்ணன் ரெண்டு பேரும் சாப்பிட்டு முடிச்சிட்டான், நீதான் கடைசி." "இந்த வாய் வாங்கினா கருப்பட்டி மிட்டாய்." "அப்பாவ எழுப்பிவிட்ருவேன் பாத்துக்க!" இத்தனைக்கும் அசையாதவன், தானாகத் தட்டுக்குள் இரண்டு கையையும் விட்டுப் பிசைந்து, முகம், தலை, சுவர் எல்லாவற்றுக்கும் ஊட்டிவிட்டு ஒரு வாய் தான் சாப்பிடுவான்.

பிள்ளை சின்னக் கையால் குழப்பிய கூழ் அமிழ்தைவிட இனிக்கும் என்கிறார் வள்ளுவர். 1842-ல் சாயர்புரத்துக்கு வந்து பள்ளிக்கூடம் நடத்தி, 1886-ல் குறளை ஆங்கிலத்தில் கொண்டுவந்தவர் ஜி.யு.போப். எங்கள் ஊர்க் கல்லூரியும் பள்ளியும் இன்றும் அவர் பெயரைச் சொல்கின்றன. கண்டிப்பான ஆசிரியர் என்று பெயர் வாங்கிய அந்த வெள்ளைக்காரத் துரையும் அந்தக் குறளை மொழிபெயர்க்கும்போது நிச்சயம் சிரித்திருப்பார். அவரும் பையன்களைப் பெற்ற அப்பாதானே! வள்ளுவர் சொல்லாமல் விட்டது ஒன்றே ஒன்றுதான். அந்தக் கூழைச் சுவரிலிருந்து யார் துடைப்பது?

2023 ஆகஸ்ட் 23-ம் தேதி சந்திரயான்-3 நிலவில் இறங்கியதை டி.வி-யில் எல்லோரும் சேர்ந்து பார்த்தோம். எங்கள் மாவட்டத்திலேயே குலசேகரப்பட்டினத்தில் ராக்கெட் ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரியில் அடிக்கல்லும் நாட்டினார்கள். அதிலிருந்து பெரியவன் ஒரு முடிவுக்கு வந்துவிட்டான். மொட்டை மாடியில் நான் சின்னவனுக்கு "நிலா நிலா ஓடி வா" சொல்ல ஆரம்பித்தால், "அது எதுக்கும்மா வரணும்? குலசையில ஏறி நாமளே போயிருவோம்" என்பான். நடுவுள்ளவன் உடனே, "ஜன்னல் சீட்டு எனக்கு!" என்று அலறுவான். நிலாவுக்குப் போகும் ராக்கெட்டில் ஜன்னல் சீட்டுக்காக அந்த இரவு ஒரு சண்டை. தோற்றவன் ராக்கெட்டிலேயே ஏற மாட்டேன் என்று படுத்துவிட்டான்.

ஒரு மாம்பழம்... மூன்று போட்டியாளர்கள்

ஞானப்பழக் கதையை மாமனார் ஒருநாள் விரிவாகச் சொன்னார். முருகன் மயிலேறி உலகத்தைச் சுற்றியதும், பிள்ளையார் அம்மை அப்பனைச் சுற்றிப் பழத்தை வாங்கியதும், கோபத்தில் முருகன் மலையேறியதும் கேட்டு மூவரும் வாயைப் பிளந்தார்கள்.

அடுத்த நாளே வீட்டில் ஒரே ஒரு மாம்பழம் மிச்சம். "உலகத்தைச் சுத்தி வர்றவனுக்குத்தான்" என்றார் மாமனார். நடுவுள்ளவன் சைக்கிளை எடுத்துக்கொண்டு தெருவைச் சுற்றப் பறந்தான். கதையை உன்னிப்பாகக் கேட்டிருந்த பெரியவன் அவசரமே படவில்லை. அடுப்படியில் நின்ற என்னையும், தூங்கிக்கொண்டிருந்த அப்பாவையும் சுற்ற வேண்டும். இருவரும் வேறு வேறு அறையில் இருந்ததால், அப்பாவைக் கட்டிலோடு சேர்த்து மூன்று சுற்று, பிறகு என்னை மூன்று சுற்று. கைகூப்பியபடி வந்து நின்றான். நடுவுள்ளவனும் மூச்சிரைக்க வந்து சேர்ந்தான்.

பழத்தைக் காணவில்லை. நாற்காலிக்குப் பின்னால் உட்கார்ந்து, மூக்கிலிருந்து முழங்கை வரை மஞ்சளாகக் கொட்டையைச் சப்பிக்கொண்டிருந்தான் சின்னவன். "ஏல, நீ யாரச் சுத்துன?" என்று அண்ணன்கள் பாய, அவன் நிதானமாகச் சொன்னான்: "மாம்பழத்தச் சுத்துனேன்."

தட்டு கழுவும் சிங்கக்குட்டிகள்

"வயசான காலத்துல மூணு மருமகள் வந்து சோறு போடுவாளுக" என்று ஆறுதல் சொல்லும் ஆச்சிகளுக்கு நான் சிரித்துவிட்டு வந்துவிடுவேன். எங்கள் வீட்டில் அவரவர் தட்டை அவரவர்தான் கழுவ வேண்டும். பெரியவன் தேங்காய் துருவுவான். நடுவுள்ளவன் பூண்டு உரிப்பான். நாலு பல்லுக்கு நாற்பது நிமிஷம் ஆகும், பரவாயில்லை. சின்னவனுக்குத் துணி காயப்போடும்போது கிளிப் எடுத்துக் கொடுக்கும் உத்தியோகம். அவன் சட்டையில் வரிசையாகக் கிளிப்பைக் குத்திக்கொண்டு, பதக்கம் வாங்கிய ராணுவ அதிகாரிபோல நிற்பான்.

"பொட்டப்பிள்ளை இல்லைன்னு பயலுவள வேலை வாங்குதா" என்று சொந்தத்தில் ஒருத்தர் குறைபட்டார். பக்கத்தில் விளக்குமாற்றோடு நின்ற நடுவுள்ளவன் கேட்டான்: "அப்போ ஆம்பளப் பிள்ளை காலு வச்சா மண்ணு ஒட்டாதா?" அவரிடம் பதில் இல்லை. நான் சொல்லிக்கொடுத்ததில்லை, அவனாகவே கேட்டான்!

எட்டயபுரத்துச் சிறுவனும் நுங்கு வண்டியும்

மே மாதம் வந்தாலே, "மூணு பேரையும் கோடை வகுப்புல போட்ருங்க" என்று எல்லோரும் சொல்வார்கள். அப்போதெல்லாம் எனக்கு எங்கள் மாவட்டத்தில் 1882-ல் பிறந்த ஒரு பையன் நினைவுக்கு வருவான். ஐந்து வயதில் அம்மாவை இழந்தவன். அப்பாவுக்கோ பிள்ளை படித்துப் பெரிய ஆளாக வேண்டும் என்ற தவிப்பு. அவன் வயதுப் பையன்கள் குளத்தில் நீந்தி, மரத்தில் ஏறி இறங்கி, தெருவில் ஆடிக்கொண்டிருக்க, அப்பாவுக்குப் பயந்து தான் மட்டும் புத்தகங்களோடு தனியாக, தோழமையின்றி வருந்தியதைப் பின்னாளில் 'சுயசரிதை'யில் பாட்டாகவே எழுதினான். அவன் பெயர் சுப்பிரமணிய பாரதி. குழந்தைகளை ஓடி விளையாடச் சொல்லிப் பாடியவருக்கே, விளையாட ஒரு தெரு கிடைக்கவில்லை.

அதனால் எங்கள் வீட்டில் கோடை என்றால் நுங்குதான். பனங்காடு சூழ்ந்த ஊரில் அதற்கா பஞ்சம்? நுங்கைத் தோண்டித் தின்றுவிட்டு, மிஞ்சும் காய்களில் உருண்டையான இரண்டை மாமனார் பொறுக்கி எடுப்பார். இரண்டுக்கும் நடுவே ஒரு குச்சியைச் செருகினால் சக்கரமும் அச்சும் தயார். கவட்டைக் கம்பு ஒன்றை வெட்டி, அதன் கவட்டை அச்சில் பொருத்தித் தள்ளினால், நுங்கு வண்டி! பிள்ளைத்தமிழின் கடைசிப் பருவமான சிறுதேர் எங்கள் தெருவில் இப்படித்தான் உருளுகிறது. பெட்ரோல் வேண்டாம், பேட்டரி வேண்டாம். காய்ந்து உடைந்தால் ஆடு தின்றுவிடும்.

"தாத்தா, இது எத்தன கிலோமீட்டர் மைலேஜ் குடுக்கும்?" என்று பெரியவன் கேட்டான். "நீ எவ்வளவு சோறு திங்கியோ அவ்வளவு" என்றார் மாமனார். அன்றைக்கு மூவரும் வாக்குவாதமே இல்லாமல் சாப்பிட்டார்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் சமரசம் கிடையாது. தாமிரபரணி வாய்க்கால்களும் குளங்களும் நிறைந்த பகுதி இது. பெரியவர் துணையில்லாமல் தண்ணீரில் கால் வைக்கக் கூடாது. பெரியவனுக்கு அவன் அப்பா நீச்சல் கற்றுக்கொடுத்துவிட்டார். அடுத்து நடுவுள்ளவனின் முறை.

ஆம்பளப் பிள்ளை அழலாமா?

மாமனார் பாசக்காரர். ஆனால் பேரன் கீழே விழுந்து அழுதால் உடனே, "ஏல, ஆம்பளப் பிள்ளை அழலாமால?" என்பார். அவர் வளர்ந்த விதம் அப்படி. நான் ஒன்றும் சொன்னதில்லை. அதற்கு ஒரு மழை பதில் சொன்னது.

2023 டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை. இந்த மாவட்டத்தில் யாரும் மறக்க முடியாத மழை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் கொட்டியது. ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் செந்தூர் எக்ஸ்பிரஸ் சுமார் 800 பயணிகளோடு நின்றுபோனது. ஏரல் பக்கமெல்லாம் பெரும் சேதம். தூத்துக்குடி நகரமே தண்ணீருக்குள். கரன்ட் போனது. போன் டவரும் போனது. வேலைக்குப் போன என் வீட்டுக்காரர் திரும்பவில்லை. எங்கே இருக்கிறார் என்றும் தெரியவில்லை.

பெரியவனுக்கு அப்போது ஏழு வயது. பகலெல்லாம் தம்பிகளுக்குக் காகிதக் கப்பல் செய்து கொடுத்தான். மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் சுவரில் கைநிழல் மான் காட்டினான். "அப்பாகிட்ட கிரேன் இருக்குலாம்மா. உச்சில ஏறி உக்காந்திருப்பாக. தண்ணி அங்க வராது" என்று எனக்கே தைரியம் சொன்னான். ராத்திரி, எல்லோரும் தூங்கிவிட்டார்கள் என்று நினைத்து, தலையணையில் முகத்தை அமுக்கிக்கொண்டு சத்தம் வராமல் அழுதான். அந்த முதுகு குலுங்கியதை இருட்டிலும் பார்க்க முடிந்தது. அவனை இழுத்து அணைத்துக்கொண்டேன். "அழுதா அழுதுக்கோ மக்கா. சத்தமாவே அழு" என்றேன். இருவரும் சேர்ந்து அழுதோம்.

மூன்றாம் நாள் மத்தியானம் அவர் வந்தார். லாரியில் பாதி, நடை பாதி. முழங்காலுக்கு மேல் சேறு. கையில் நனைந்துபோன ஒரு மக்ரூன் பொட்டலம். பிள்ளைகள் போய் அவர் காலைக் கட்டிக்கொள்ள, வாசல் திண்ணையிலிருந்து வினோதமான ஒரு சத்தம் கேட்டது. மாமனார்! துண்டை வாயில் வைத்துக்கொண்டு, தோள் குலுங்கத் தேம்பித் தேம்பி அழுதுகொண்டிருந்தார். இத்தனை வருஷத்தில் அவர் கண்ணில் நான் ஒரு சொட்டு பார்த்ததில்லை.

நாங்கள் எல்லோரும் திகைத்து நிற்க, அப்போது நான்கு வயதான நடுவுள்ளவன் மட்டும் அவரிடம் போனான். பேச்சு வராமல் எங்களைத் தவிக்கவிட்டவன். தாத்தாவின் முழங்காலில் தட்டிக்கொடுத்துவிட்டுச் சொன்னான்: "பரவால்ல தாத்தா. ஆம்பளப் பிள்ளையும் அழலாம்."

அன்றிலிருந்து அந்தப் பழைய வசனத்தை இந்த வீட்டில் யாரும் சொல்வதில்லை. பேரன் விழுந்தால் மாமனார் இப்போது, "எங்கல வலிக்கி? காட்டு" என்றுதான் கேட்கிறார்.

முத்துக்கு விலை உண்டு

பெரியவன் இப்போது பெரிய மனிதனாகிக்கொண்டிருக்கிறான். பள்ளி வாசலில் முத்தம் கொடுத்தால், யாராவது பார்த்துவிட்டார்களா என்று சுற்றிப் பார்த்துவிட்டு, கன்னத்தைத் துடைத்துக்கொண்டு ஓடுகிறான். நடுவுள்ளவன் முத்தத்துக்குக் கணக்கு வைத்திருக்கிறான். தம்பிக்கு மூன்று என்றால் அவனுக்கும் மூன்று. ஒன்று குறைந்தாலும் விசாரணை உண்டு. சின்னவன் கேட்காமலே கொடுப்பான், மூக்குச் சளியோடு சேர்த்து.

பிள்ளைத்தமிழில் முத்தப் பருவம் என்று தனியாகவே ஒன்று வைத்திருக்கிறார்கள். பகழிக்கூத்தர் பாடிய திருச்செந்தூர் பிள்ளைத்தமிழில், கடலிலும் சங்கிலும் இன்னும் எங்கெங்கோ விளையும் முத்துக்களையெல்லாம் அடுக்கிச் சொல்லி, அவற்றுக்கெல்லாம் விலை உண்டு, முருகா, உன் வாய் தரும் முத்தத்துக்கு விலையே இல்லை என்று முடிப்பார். முத்துக்குளித்த கடற்கரையைப் பார்த்துப் பாடியவருக்கு அது நன்றாகத் தெரிந்திருக்கிறது. எங்கள் கடலில் பெரிய அளவில் முத்துக்குளிப்பு நடந்தது 1961-ல். அதோடு அந்தத் தொழில் ஓய்ந்துவிட்டது. சிப்பி எடுக்கக் கடலுக்குள் மூழ்குகிறவர்களைக் கதையில்தான் என் பிள்ளைகள் கேட்டிருக்கிறார்கள்.

ஆனால் ராத்திரி விளக்கை அணைத்த பிறகு, பள்ளி வாசலில் கன்னத்தைத் துடைத்துக்கொண்டு ஓடிய அதே பெரியவன், தம்பிகள் தூங்கிவிட்டார்களா என்று உறுதி செய்துகொண்டு, பாயில் நகர்ந்து நகர்ந்து என் பக்கம் வருவான். சத்தமில்லாமல் ஒன்று கொடுத்துவிட்டு, ஒன்றுமே நடக்காததுபோலத் திரும்பிப் படுத்துக்கொள்வான். சில நொடியில் இருட்டிலிருந்து இன்னொரு குரல் வரும்.

"யம்மா... அவன் ஒண்ணு குடுத்தாம்லா? எனக்குக் கேட்டுச்சு. நானும் ஒண்ணு குடுக்கணும்."